தாளிலிருந்து சுவரை எடுத்தோம்

நம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார்கள். பசை காய்ச்சுவது எப்படி, ஈரத்துணி எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், எந்தத் தூரிகை எதற்கு என்பதெல்லாம் இதில் இருக்காது. அவற்றைப் பக்கத்தில் நிற்பவர் கையைப் பார்த்தே கற்றுக்கொள்வீர்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அம்பத்தூரில் படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தவன். பழைய தாளையும் பசையையும் பற்றிப் புத்தகத்தில் இருப்பதை என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்திருப்பீர்கள். எனக்கு அதிகம் தெரிந்த விஷயம் வேறு. அது பயம்.

கண்ணாடிக் கடையிலிருந்த காலத்திலேயே எனக்கு அது உண்டு. வெட்டுவதற்கு முன்பே கண்ணாடி உடைவது போலத் தோன்றும். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். "மழை வர்றதுக்கு முன்னாடியே நனைஞ்சிட்டு வந்து நிப்பீங்க" என்பாள் என் மனைவி. பிற்பாடு, பழைய சுவர்த்தாள்களையும் ஓவியங்களையும் காப்பாற்றும் இந்தக் குழுவில் சேர்ந்தபோது, என் பயத்தை மறைப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

குழுவின் தலைமை அம்மா என்னைவிட வயதில் ரொம்ப இளையவர். வெளிநாட்டில் இதையே படித்துவிட்டு வந்தவர். நான் சேர்ந்த புதிதில், ஒரு படத்தைப் பிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அண்ணே, பயத்தை வயித்துல வெச்சிருந்தா அது உங்களுக்கு மட்டும்தான் வலி. வாயில சொன்னீங்கன்னா எங்களுக்கும் வேலைக்கு ஆகும்."

அப்போது அது எனக்கு ஆறுதல் வார்த்தை மாதிரித்தான் பட்டது. அது ஒரு வேலைமுறை என்பது பூந்தமல்லி வீட்டில்தான் தெரிந்தது.

பூந்தமல்லியில், பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பழைய பங்களா. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. இது மட்டும் ஓட்டுத் தாழ்வாரத்தோடு உட்கார்ந்திருந்தது. ரோஸ்லின் அம்மா அங்கே தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். வீட்டை விற்றாகிவிட்டது, இடித்துவிட்டு அங்கேயும் அடுக்குமாடி வரப்போகிறது. அவர் திருநின்றவூரில் ஒரு சின்ன வீடு பார்த்து, சாமான்களில் பாதியை அனுப்பியும் விட்டார். கையெழுத்துப் போடும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கூடத்துச் சுவர்களில் ஒட்டியிருக்கும் படத்தாள் அவருடைய பங்குத் தேவாலயத்தின் சமூகக்கூடத்துக்குப் போக வேண்டும். அதைக் கழற்றி எடுக்கத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

அந்தத் தாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூடத்தின் நாலு சுவரிலும் ஒரே காட்சி, இடுப்பு உயரத்திலிருந்து மேலே வரை. ஆறு, தோப்பு, மண்டபம், யானை. எந்தத் தேசத்திலோ அச்சடித்துக் கையால் வண்ணம் தீட்டியது. தீட்டியவர் நம் ஊரைக் கண்ணால் கண்டதில்லை என்பது யானையைப் பார்த்தாலே தெரியும்; காது பன்றிக்காது மாதிரி இருந்தது. தென்னந்தோப்புக்குப் பின்னால் பனி மூடிய மலை. ஆனாலும் அழகு. ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு நீலம் போட்டிருந்தார்களே, காலையில் ஜன்னலைத் திறந்தால் கூடமே குளிர்ந்த மாதிரி இருக்கும்.

மேற்குச் சுவரின் நடுவில் தாழ்வாரத்துக்குப் போகும் கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு படகு, அதில் தலைப்பாகை கட்டிய படகோட்டி. கதவுக்கு அந்தப் பக்கம் படித்துறை. படியில் ஒரு பெண் நெற்றியில் கை வைத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"எங்கம்மா எனக்குச் சோறு ஊட்டினது இந்தப் படகைக் காட்டித்தான்" என்றார் ரோஸ்லின் அம்மா முதல் நாளே. "'இந்த ஒரு வாய் வாங்கிக்கோ, படகு கரைக்கு வந்துடும்'னு சொல்லும். நானும் வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன். என் உடம்பைப் பார்த்தா தெரியுதில்ல? படகுதான் இன்னும் வரலை."

கிழக்கு, தெற்கு, வடக்குச் சுவர்களின் தாள் நன்றாகவே வந்தது. பழைய மாவுப்பசை, அளவான ஈரம் காட்டினால் இளகிக் கொடுத்தது. மேற்குச் சுவரில் படித்துறைப் பக்கமும் வந்துவிட்டது. யானையையும் மண்டபத்தையும் உருளையில் சுற்றி வண்டியில் ஏற்றியபோது எனக்கே நம்பிக்கை வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருந்தது படகு மட்டும்.

கண்ணில் படாத ஓரமாகப் பார்த்து, நாணல் வரைந்திருந்த இடத்தில், ஈரம் வைத்துச் சோதித்தோம். பஞ்சை எடுத்தபோது அதில் பச்சை. இலையின் பச்சை இல்லை, களிம்பேறிய செம்பின் பச்சை. தாள் பாலில் ஊறிய பிஸ்கட் மாதிரி நெகிழ்ந்துவிட்டது. பக்கத்திலேயே ஈரமில்லாமல் கத்தியை நுழைத்துப் பார்த்தோம். அங்கே அப்பளம் மாதிரி நொறுங்கியது.

தலைமை அம்மா ரோஸ்லின் அம்மாவைக் கூப்பிட்டு, இந்த இடத்தில் மட்டும் யாராவது எப்போதாவது ஏதாவது செய்தார்களா என்று கேட்டார்.

"அப்பா ஒட்டினாரு" என்றார் அவர் உடனே. "எனக்கு விவரம் தெரியறப்போ இந்தப் பக்கம் உப்பிக்கிட்டு வந்துச்சு. அப்பாவே மைதா காய்ச்சி, கரையான் வரக்கூடாதுன்னு மயில்துத்தம் அள்ளிப் போட்டாரு. கரண்டியெல்லாம் நீலமாயிடுச்சுன்னு அம்மா ஒரு வாரம் திட்டுச்சு."

நம் ஊரில் பட்டம் ஒட்டுகிறவரிலிருந்து புத்தகம் கட்டுகிறவர் வரை எல்லோரும் பசையில் துத்தம் போடுவதுதான். சிட்டிகை போடுவார்கள். அவர் பாசத்தில் கைப்பிடி போட்டுவிட்டார். கரையான் வரவில்லை என்பதும் உண்மை. அந்த வீட்டில் கதவு நிலையின் அடியைக்கூடக் கரையான் தொட்டிருந்தது, படகைத் தொடவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் செம்பு கலந்த அந்தத் துத்தம் தாளின் உயிரைக் குடித்துவிட்டது. நனைத்தால் கரையும், உரித்தால் உடையும்.

தலைமை அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வழியும் அடைச்சிருக்குண்ணே" என்றார் மெதுவாக.

ரோஸ்லின் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "பரவாயில்ல, விடுங்க. இவ்வளவு வந்துச்சே. படகு போனா போகட்டும்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனார். கழுவி வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலை இடிக்கும் இயந்திரம் வருகிறது என்று வீட்டை வாங்கிய கட்டுமானக்காரரின் பொறியாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வானம் வேறு மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் தாழ்வாரக் கதவில் வந்து நின்றவர் கன்னியப்பன் மேஸ்திரி. சென்னீர்குப்பத்துக்காரர். பழைய வீடுகளைப் பிரிப்பதுதான் அவர் தொழில். தேக்கு உத்தரம், கதவு, ஜன்னல், செங்கல் என்று எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி வாங்கிக்கொண்டு, இயந்திரம் வருவதற்கு முன்னால் தன் ஆட்களோடு கையால் கழற்றி எடுத்துப் போய் விற்பார். பின்கட்டுச் சமையலறையை ஏற்கெனவே பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கடப்பாரையைப் பார்த்தாலே எட்டிப் போய்விடுவேன்.

"இன்னா சார், எழவு ஊடு மாதிரி ஒக்காந்துகினு கீறீங்க" என்றார்.

வேறு நாளாக இருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். அன்று வயிற்றில் இடமில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இந்தத் தாள் ஈரம் பட்டா கரைஞ்சிடும் மேஸ்திரி."

"அப்போ ஈரம் வெக்காத."

"உரிச்சா ஒடைஞ்சிடும்."

"உரிக்காத."

"அப்புறம் எப்படித்தான் எடுக்கிறது?"

"நீ இன்னாத்துக்கு எடுக்கற?" என்றார். உள்ளே வந்து சுவரை உள்ளங்கையால் தட்டினார். "செவுரு நம்புளுது சார். எப்படியும் இத்த நான் எடுக்கப் போறேன். காயிதத்த நீ இங்கேர்ந்து புட்ச்சிக்கோ. நான் அந்தாண்டேர்ந்து செவுத்த உருவிக்கறேன்."

தலைமை அம்மா எழுந்து நின்றார். நாங்கள் இத்தனை காலம் சுவரிலிருந்து தாளை எடுத்தவர்கள். எங்கள் கண்ணுக்குச் சுவர் என்பது இருக்கப்போகிற பொருள். அவர் கண்ணுக்கு அது போகப்போகிற பொருள். நாங்கள் பத்திரமாக விட்டுவிட்டு வர நினைத்த சுவர் அப்படியே நிற்க வேண்டும் என்று கேட்பதற்கு அங்கே ஆளே இல்லை.

ஆனால் என் பயம் சும்மா இருக்குமா?

"சம்மட்டி போட்டா அதிருமே. அதிர்ந்தா தாள் நொறுங்கிடும்."

"சம்மட்டி எவன் போட்றான்? சித்திர வேலை செஞ்ச தேக்கு நெலையெல்லாம் நான் எப்படி எடுக்கறேன்னு நெனைக்கற? இது சுண்ணாம்பு சார், சிமிட்டி இல்ல. ஆக்சா பிளேட வெச்சு இழுத்தா மாவாட்டம் கொட்டும். கல்லு முழுசா கைக்கு வரும். எனக்கும் முழுக் கல்லுதான் வோணும்."

"மேல கூரை இருக்கே?"

"உத்தரம் பூரா அந்த ரெண்டு செவுத்து மேல ஓடுது, பாரு. இது மேல ஒண்ணியும் ஒக்காரல. தாவாரம்கூட அதோட தூணு மேலதான் நிக்குது. இது சும்மா நிக்கற செவுரு."

"மழை வந்தா?"

"தாவாரத்து ஓட்ட கடசியாத்தான் எடுப்பேன். போதுமா?"

"கல்லெல்லாம் போன பிறகு, தாளோட ஒட்டிக்கிட்டு வெறும் சாந்து மட்டும் நிக்குமே. அது தாங்குமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது உன் வேல சார். எல்லாத்தையும் நானே சொல்லிட்டா உன்ன இன்னாத்துக்கு இட்டாந்தாங்க?"

தலைமை அம்மா சிரித்துவிட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் அவரிடம் இருந்தது. படத்தின் முகத்தில் நீர் சேராத பசையால் மெல்லிய தாள் ஒட்டிக் காப்பது, அதன்மேல் மெத்தை, அதன்மேல் பலகை, பலகைக்கு உள்ளிருந்து முட்டு. சாந்தோடு சேர்த்து அப்படியே சாய்த்து எடுத்துவிட்டால், பின்பக்கத்துச் சாந்தைப் பட்டறையில் நிதானமாகச் சுரண்டிக்கொள்ளலாம். ஈரமே வேண்டாம்.

தம்பி தங்கைகளே, நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். அன்று என்னிடம் எந்த யோசனையும் கிடையாது. பயம்தான் இருந்தது. ஆனால் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாக எதிரே நின்றவரிடம் கேட்டபோது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒருவரிடம் பதில் இருந்தது. பாதி இடிக்க வந்தவரிடம், பாதி காக்க வந்தவரிடம். 'எல்லாம் கெட்டுப்போகும்' என்று மொத்தமாகப் பயந்தால் அது உங்களைப் படுக்க வைத்துவிடும். 'எது கெடும், எதனால் கெடும்' என்று பிரித்துப் பயப்படுங்கள். அப்புறம் அதை உரக்கச் சொல்லுங்கள்.

பொறியாளரை மேஸ்திரியே பார்த்துக்கொண்டார். இயந்திரத்தைப் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். கூடத்துச் செங்கல் தனக்குப் பேசிய பொருள், அதில் கை வைத்தால் பேச்சு வேறு மாதிரி ஆகும் என்றும் சொன்னார். அதற்குமேல் அந்தப் பக்கத்திலிருந்து தொந்தரவில்லை.

பலகையை முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். தாழ்வாரப் பக்கம் மேஸ்திரியும் அவர் ஆட்களும். கூடத்துக்குள் நான், பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு. என் வேலை அவ்வளவுதான். அதிர்வு வந்தால் 'நில்லு' என்று கத்த வேண்டும். அவர்களுடைய பிளேடு இழுபடுவது பலகை வழியாக என் கைக்கு வரும். பூனை முதுகைத் தடவுகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் கரகரத்தாலும் நில்லு என்பேன். தும்மினாலும் நில்லு என்பேன். சாயங்காலத்துக்குள் அவர்கள் எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

"நில்லு சார் டீ குட்ச்சாரா?"

"கேளு. ஆனா டம்ளர வேகமா வெக்காத. நில்லும்பாரு."

மேலிருந்து கீழாகச் செங்கல் வரிசை வரிசையாக இறங்கியது. ஒவ்வொரு கல்லும் முழுசு. ரோஸ்லின் அம்மா தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜெபமாலையை உருட்டுவதும் ஆட்களுக்கு டீ ஊற்றுவதுமாக இருந்தார். மழையும் தொடங்கிவிட்டது. ஓடு தாங்கியது.

பாதிக்கு மேல் இறங்கிய பிறகு ஒரு கல் வரவில்லை. சுற்றிலும் சுண்ணாம்பை அறுத்தாகிவிட்டது. கல் ஆடுகிறது, வரமாட்டேன் என்கிறது.

"நாலு பக்கமும் அறுத்தாச்சு சார். புட்ச்சி ஒரு இழுப்பு இழுத்தா வந்துரும். இழுக்கவா?"

எல்லாருக்கும் அசதி. சாரல் தாழ்வாரத்துக்குள் அடிக்க ஆரம்பித்திருந்தது. சீக்கிரம் முடித்தால் நல்லது என்று எனக்கும் இருந்தது. ஆனால் அவர் கல்லை ஆட்டும்போது என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு புள்ளி மட்டும் கூடவே ஆடியது. சுவர் ஆடுகிற ஆட்டமில்லை. ஏதோ ஊசி முனை மாதிரி.

"நில்லு."

"இன்னா சார் மறுபடியும்?"

"இந்தக் கல்லு ஏன் பிடிச்சுக்கிட்டிருக்குன்னு தெரியாம இழுக்கக்கூடாது மேஸ்திரி."

அவர் முணுமுணுத்தார். ஆனால் கையை எடுத்துவிட்டார். நான் அங்கிருந்தே ரோஸ்லின் அம்மாவைக் கேட்டேன்: "அம்மா, படகுக்கு மேல, இந்த உயரத்துல, எதையாவது மாட்டி வெச்சிருந்தீங்களா?"

அவர் ஜெபமாலையை நிறுத்தினார். "நட்சத்திரம்" என்றார். "கிறிஸ்துமஸ் நட்சத்திரம். வருஷா வருஷம் படகுக்குக் கீழதான் குடில் வைப்போம், ஆறு பின்னால தெரியணும்னு. நட்சத்திரத்துக்கு அப்பா ஒரு நீட்டு ஆணி அடிச்சாரு. தலை துருப்பிடிச்சு விழுந்ததும் அந்த ஓட்டையில வானத்துக் கலர் பூசிட்டாரு."

ஆணியின் உடம்பு இன்னும் உள்ளே இருந்தது. ஒரு நுனி செங்கல்லில், மறு நுனி தாளில். அந்தக் கல்லை இழுத்திருந்தால் படகின் வானம் மொத்தமும் ஆணியோடு பின்பக்கமாகப் போயிருக்கும்.

மேஸ்திரி கல்லின் இடுக்கில் குனிந்து பார்த்தார். பிறகு சின்ன உளியை வாங்கி, அந்த ஒரு கல்லை மட்டும் இருந்த இடத்திலேயே துளித்துளியாகக் கொத்தி உதிர்த்தார். அவர் கையால் அன்று உடைந்த கல் அது ஒன்றுதான். அம்மணமாக நின்ற ஆணியைப் பிளேடால் அறுத்து என்னிடம் நீட்டினார்.

"சொல்லு சார். இன்னும் எத்தினி நில்லு பாக்கி கீது? நான் நிக்கறேன்."

அதற்குப் பிறகு அவர் ஆட்கள் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. இல்லை, செய்தார்கள். ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நின்றுவிட்டுக் கேலி செய்தார்கள்.

கடைசிக் கல்லும் போனதும் அந்தச் சுவர் இருந்த இடத்தில் பலகையும், அதன்மேல் சாந்தும், நடுவில் ஒரு படகும் மட்டும் நின்றன. பலகையின் இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்தார்கள். மேஸ்திரியின் ஆட்களும் எங்கள் ஆட்களும் கலந்து. தலைமை அம்மா சொல்லச் சொல்ல, கைக்குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரிச் சாய்த்துப் படுக்க வைத்தோம். ஒரு சில்லுகூட உதிரவில்லை. திங்கட்கிழமை காலை இயந்திரம் பின்கட்டில் உறுமிக்கொண்டிருக்கும்போது, படகு மழைத்தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போனது. தெருவில் நின்றிருந்தவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து வழிவிட்டார்கள்.

பட்டறையில் நடந்ததை எழுதப்போவதில்லை. சுரண்டினோம். வெகுநாள் சுரண்டினோம்.

சமூகக்கூடத்தில் மாட்டும் நாளில்தான் நாங்கள் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அங்கே நீளச் சுவரில் கதவு கிடையாது. படகுத் துண்டை மாட்டிவிட்டு, படித்துறைத் துண்டை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். நடுவில் இடைவெளி விடுவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டே ஓரத்தை ஓரத்தோடு வைத்தால், தண்ணீரின் அலைக்கோடுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. ஒவ்வொரு கோடும். தீட்டியவர் அதை ஒரே ஆறாகத்தான் தீட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒட்டியவர் குறுக்கே கதவு வந்ததால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். கதவு போனதும் படகின் மூக்கு நேராகப் படித்துறையின் கடைசிப் படியில் வந்து நின்றது. அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துப் பார்த்தது படகோட்டியைத்தான்.

பங்குத்தந்தை வந்து மந்திரித்து ஆசீர்வதித்தார். சாப்பாடு போட்டார்கள். ரோஸ்லின் அம்மா திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். மேஸ்திரியும் ஆட்களோடு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ரோஸ்லின் அம்மா படத்துக்கு நேர் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு, இலையிலிருந்து கண்ணை எடுப்பதும் படகைப் பார்ப்பதுமாகச் சாப்பிட்டார். கடைசி வாயை மென்று விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"எங்கம்மா பொய் சொல்லலை" என்றார். "நான்தான் இன்னும் சாப்பிட்டு முடிக்காம இருந்திருக்கேன்."

என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. படகும் படித்துறையும் சேரும் ஓரம் எங்கேயாவது தூக்கியிருக்குமோ என்று பார்க்க எழுந்து போனேன். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒருமுறை தடவிப் பார்த்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"நில்லு சார்" என்றது பின்னாலிருந்து மேஸ்திரியின் குரல்.

நின்றேன்.